நுரைச்சோலை வீட்டில் பத்து நாட்கள்

2022 ஜூலை மாதத்தின் கடைசி வாரம். கொழும்பில் எரிபொருள் வரிசைகள் இன்னும் முற்றாக ஓயாத நாட்கள் அவை. பஸ் தரிப்பிடம் ஒன்றில் நான் நின்றிருந்தபோது நுரைச்சோலையிலிருந்து தங்கையின் மகள் கைபேசியில் அழைத்தாள்.

"மாமா, உம்மாட ஒப்பரேசனுக்குத் திகதி குடுத்திட்டாங்க. பத்து நாள்தான் இருக்கு. நீங்க பேப்பரில சுகாதாரப் பக்கமெல்லாம் செஞ்சீங்கதானே, வீட்டுக்குக் கூட்டி வந்த பொறகு நாங்க என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. பல ஆண்டுகள் ஒரு பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தைத் தொகுத்தவன் நான். நீரிழிவு, இரத்த அழுத்தம், டெங்கு, பாம்புக்கடி என எல்லாவற்றையும் பற்றி வைத்தியர்களிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் பற்றியும் கட்டுரைகள் வந்தன. ஆனால் தலைப்பில் 'மார்பகம்' என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டோம். 'பெண்களைத் தாக்கும் ஒரு வகைப் புற்றுநோய்' என்று போடுவோம். பத்திரிகையைக் குடும்பத்தோடு இருந்து வாசிக்கிறார்கள் என்பது அதற்கு நாங்கள் சொன்ன நியாயம். அந்த நியாயத்தின் விலையை என் சொந்தத் தங்கையிடமே காண்பேன் என்று அப்போது நினைக்கவில்லை. வலது மார்பில் கட்டியொன்று இருப்பதைக் கண்டு எட்டு மாதங்கள் அவள் வாய் திறக்கவில்லை. ஏன் என்று பின்னர் கேட்டேன். "எப்படிச் சொல்ற நானா?" என்றாள். உண்மையில் அவளிடம் அதற்கான சொல் இருக்கவில்லை. சொல்லைக் கொடுத்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நாடெங்கும் நடக்கின்றன. முப்பத்தைந்து வயதைத் தொட்ட பெண்களை அழைத்து மார்பையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கிறார்கள், கட்டணம் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது வரை என் தங்கை அந்தப் பக்கம் போனதேயில்லை. கட்டி வெளியே தெரியவந்த பிறகும், கத்தி பட்டால் நோய் உடம்பெல்லாம் பரவும் என்று யாரோ சொன்னதை நம்பி இன்னும் சில வாரங்கள் தாமதித்தாள். அப்படிப் பரவுவதில்லை. தாமதம்தான் பரவ விடுகிறது.

மறுநாளே பஸ் ஏறினேன். நுரைச்சோலையை அறியாதவர்களுக்கு: புத்தளத்துக்குச் சற்றுத் தெற்கே பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் சென்றால், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே மணல். அந்த மணலில்தான் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைகின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து குடியேறியதும் இந்தப் பக்கத்தில்தான். இன்று நாட்டில் எல்லோருக்கும் இந்த ஊரின் பெயர் தெரிந்திருப்பதற்குக் காரணம் அனல் மின்நிலையம். முதல் இயந்திரம் 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற். அதன் தூசு பற்றி அயல் மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். அது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம். மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும் வீடுகளிலும் 2022இல் மற்ற ஊர்களைப் போலவே மின்சாரம் போய் வந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். இந்தக் கதைக்கு அது தேவைப்படும்.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தாள். பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறாள், ஒரு வாரத்துக்குத் தேவையான மிளகாய்த்தூளை இடித்து வைத்திருக்கிறாள், மச்சானின் சாரங்களைத் தோய்த்து அடுக்கியிருக்கிறாள். நம் பெண்கள் வைத்தியசாலைக்குப் போவதற்கு முன் செய்யும் ஆயத்தம் இதுதான். தான் இல்லாத நாட்களில் மற்றவர்கள் சிரமப்படக் கூடாது. ஆனால் தான் திரும்பி வரும் நாளுக்கு அவள் எதையும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. திரும்பி வந்ததும் மறுபடி அடுப்படிக்குள் போய்விடலாம் என்றே எண்ணியிருந்தாள்.

கொழும்பில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். சத்திரசிகிச்சை விடுதிகளிலேயே காலத்தைக் கழித்தவர். அவரிடம் விவரம் கேட்டேன். நீண்ட பட்டியல் ஒன்று வரும் என்று பேனாவை எடுத்து வைத்திருந்தேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "வீட்டில் ஒருவர் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை இருந்து பாருங்கள். எங்கெல்லாம் அந்தக் கை தேவைப்படுகிறதோ, அதையெல்லாம் எழுதுங்கள்."

தங்கையின் மகள் தன் சால்வையால் வலது கையைக் கட்டிக்கொண்டாள். முதலில் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. பத்து மணிக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

தங்கை படுப்பது தரையில், பாயில். ஒரு கையை ஊன்றாமல் பாயிலிருந்து எழும்ப முடியாது. எனவே கட்டில் வேண்டும். அதுவும் இடது பக்கமாக இறங்கக்கூடியபடி சுவரிலிருந்து தள்ளிப் போடப்பட வேண்டும். மலசலகூடத்தில் வாளியும் குழாயும் வலப்பக்கம். அவற்றை இடப்பக்கம் மாற்ற வேண்டும். உட்கார்ந்து எழும்பப் பிடிமானம் இல்லை. பின்னர் இருக்கை வெட்டிய பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வைத்தோம். அடுக்களையில் சீனி, தேயிலை, அரிசி எல்லாமே தலைக்கு மேலுள்ள தட்டில். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் நாட்களில் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். தேங்காய் துருவுவதை எண்ணியே பார்க்க முடியாது. அடுத்த வீட்டுப் பெண் தினமும் துருவித் தருவதாக ஒப்புக்கொண்டார். தலை சீவுவது, ஊசி குத்துவது, போத்தல் மூடி திறப்பது என்று பட்டியல் இரண்டு பக்கம் போயிற்று.

தொழுகையையும் எழுதினாள். ஸுஜூதில் உடம்பின் பாரம் இரு உள்ளங்கைகளிலும் இறங்குகிறது. நோயாளி கதிரையில் இருந்து சைகையால் தொழலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சலுகைதான். ஆனால் நோயாளிகள் அதை ஏற்றுக்கொள்ள ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கைக்கு மச்சான் சொன்னார்.

உடை பற்றித் தாதி தனியாகச் சொல்லியிருந்தார். தலை வழியாகப் போடும் எந்த உடையும் ஆகாது. முன்பக்கம் திறக்கும் தளர்வான உடைகள் வேண்டும். தங்கையிடம் சொன்னேன். பேரப்பிள்ளைகளின் சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய பருத்திச் சேலையொன்றை வெட்டி, முன்னால் பொத்தான் வைத்த சட்டைகள் ஆறு தைத்தாள். உள்பக்கத்தில் ஒரு பை. சத்திரசிகிச்சைக்குப் பின் காயத்தின் அடியில் சேரும் நீரை வெளியேற்ற ஒரு மெல்லிய குழாய் வைத்திருப்பார்கள். அதன் முனையில் ஒரு போத்தல். அது தொங்கி இழுபட்டால் வலிக்கும், குழாய் கழன்றும் விடலாம். போத்தலை வைக்கத்தான் அந்தப் பை. தோளில் மாட்டும் துணிப்பை இரண்டும் தைத்தாள். அக்குளுக்கும் கைக்கும் இடையில் வைக்கச் சிறிய தலையணை ஒன்று. வானில் வரும்போது இருக்கைப் பட்டி காயத்தில் உராயாமல் தடுக்கவும் அதுவே உதவியது. இவ்வளவும் அவள் தனக்காகத் தைத்தவை. தனக்கென்று அவள் இயந்திரத்தில் இருந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஃபனி பேர்னியின் நினைவு வந்துகொண்டிருந்தது. ஆங்கில நாவலாசிரியை. 1811 செப்டெம்பர் 30ஆம் திகதி பாரிஸில், தான் வாழ்ந்த வீட்டிலேயே, நெப்போலியனின் படை வைத்தியரான லாரேயின் கையால் அவருடைய மார்பு அகற்றப்பட்டது. மயக்க மருந்து இல்லாத காலம். கணவர் கண்டு துயரப்படக் கூடாது என்று அவர் வீட்டில் இல்லாதபடி ஏற்பாடு செய்துவிட்டு, கட்டுத்துணிகளும் பஞ்சும் குவிந்து கிடந்த அறையில் வைத்தியர்களுக்காகக் காத்திருந்தார். அடுத்த ஆண்டு தன் அக்காவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இவ்வளவையும் விவரித்திருக்கிறார். அதன் பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840இல் காலமானார். அக்கடிதத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் வாசித்தபோது கத்தியைப் பற்றிய பகுதிதான் என்னை நடுங்க வைத்தது. இப்போது அந்தக் காத்திருப்பு அறைதான் கண்முன் நின்றது. இன்று சத்திரசிகிச்சை வைத்தியசாலைக்குப் போய்விட்டது. ஆனால் காயம் ஆறுவது இன்னும் வீட்டில்தான். இரண்டு மூன்று நாட்களில், சில சமயம் அதற்கும் முன்பே, குழாயோடும் போத்தலோடும் அனுப்பிவிடுகிறார்கள். அதுவே நல்லதும்கூட.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் ஓர் ஆயத்தமாயிற்று. நுரைச்சோலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்து, வான் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று மட்டுப்படுத்தியிருந்த காலம். போகவர அது போதாது. அயலில் ஒருவர் தன் வானை இரண்டு வாரம் ஓட்டாமல் நிறுத்தி, கிடைத்ததைத் தாங்கியில் சேர்த்து வைத்தார். வாடகை வாங்க மறுத்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றதால் எழுதவில்லை.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. மார்பு முழுவதையும், அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த அறிவுறுத்தல் தாள் சிங்களத்தில் அச்சாகியிருந்தது. ஓரத்தில் ஆங்கிலத்தில் சில கிறுக்கல்கள். விடுதித் தாதி அன்பானவர். தன்னால் முடிந்த மட்டும் வாயால் விளக்கினார். அவர் மீது குறையில்லை. ஆனால் 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற ஒரு வரியை ஒரு பெண் தன் மொழியில் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தவர். சத்திரசிகிச்சை நூலொன்றை 'இரண வைத்தியம்' என்று 1867இல் தமிழில் தந்தார். அதற்குப் பிறகு எங்கே நின்றுவிட்டோம் என்று தெரியவில்லை.

அன்றிரவு அந்தத் தாளைத் தமிழாக்கிப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். என் பத்திரிகை வாழ்வில் நான் செய்த பயனுள்ள மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு, கூடிவரும் வீக்கம், துர்நாற்றம், போத்தலில் திடீரென்று பச்சை இரத்தம் என்று இவற்றில் எது கண்டாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. வலி மாத்திரையை வலி முற்றிய பிறகல்ல, நேரத்துக்கு எடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே விரல்களை மூடித் திறக்க வேண்டும், முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்குத் தோள் இறுகிவிடும். குழாயைக் கழற்றிய பின் சுவரை நோக்கி நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். நியூயோர்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண் இதே சிகிச்சைக்குப் பின் இந்த எளிய விடயங்களைக்கூடச் சொல்லித்தர ஆளில்லாமல் தவித்து, 1952இல் மற்ற நோயாளிப் பெண்களைத் தேடிப் போகத் தொடங்கினார். அவர் கொண்டுபோன பொதியில் சிறிய பந்து ஒன்றும் கயிறு ஒன்றும் இருந்தன, கைப்பயிற்சிக்கு.

போத்தலில் சேரும் நீரை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அளந்து எழுத வேண்டும். இதை யார் செய்வது என்ற கேள்வி வந்தது. மகளுக்குப் பார்க்கவே தலை சுற்றியது. மச்சான் அதுவரை இந்த நோய் பற்றி என்னுடன் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. பேச்சு வரும்போதெல்லாம் தோட்டத்துக்குப் போய்விடுவார். அவர்தான், "நான் அளக்கிறேன்" என்றார். வெங்காயத்துக்கு மருந்தடிக்கும்போது மில்லிலீற்றர் கணக்கில் அளந்து கலப்பவர் அல்லவா? புத்தளம் பாமசியில் புதிய அளவுக் குவளை வாங்கி வந்தார். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, பயிற்சிப் புத்தகமொன்றில் திகதி, நேரம், அளவு, நிறம் என்று கோடு போட்டு எழுதினார். 140, 115, 90. முதலில் சிவப்பு, பின் இளஞ்சிவப்பு, பின் வைக்கோல் நிறம். மனைவியின் உடம்பைப் பற்றி அவர் பேசிய மொழி அந்த எண்கள்தான். இரண்டு நாட்கள் தொடர்ந்து 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் குழாயைக் கழற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் அந்த 30ஐச் சிவப்புப் பேனாவால் பக்கத்தின் மேலே எழுதி வைத்திருந்தார்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் முழுவதும் வந்தது. அன்புதான். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் இதே நோயால் மௌத்தான யாரோ ஒருவரின் கதையோடு வந்தார்கள். மீதிப் பேர் சீனி ஆகாது, இறைச்சி ஆகாது, பால் ஆகாது என்றார்கள். காயம் ஆறுவதற்கு மீனும் முட்டையும் பருப்பும் தேவைப்படும் நேரத்தில் அவளைப் பட்டினி போடப் பார்த்தார்கள். தங்கையின் மகள் கெட்டிக்காரி. அஸருக்குப் பின், மஃரிபுக்கு முன் மட்டும் பார்க்கலாம் என்று படலையில் எழுதிப் போட்டாள். சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

இனி எங்கள் ஆயத்தத்தில் விழுந்த ஓட்டையைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் அளவு 40க்கு இறங்கியிருந்தது. பிற்பகல் மின்சாரம் போயிற்று. மகள் பிள்ளையைக் கூட்டிவரப் போயிருந்தாள், மச்சான் தோட்டத்தில், நான் கடைக்குப் போயிருந்தேன். தாங்கியில் நீர் தீர்ந்துவிட்டது. மின்சாரம் இல்லாமல் மோட்டர் ஓடாது. வுழூச் செய்ய வேண்டும் என்று தங்கை கிணற்றடிக்குப் போய் வாளியைப் போட்டு இழுத்திருக்கிறாள். இரண்டு வாளி. "இடது கையாலதான் இழுத்தேன் நானா" என்றாள். கயிற்றை ஒரு கையால் இழுக்க முடியாது; ஒரு கை இழுக்க, மறு கை பிடித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை மச்சான் குவளையை உயர்த்திப் பார்த்தார். 110. நிறம் மறுபடி சிவந்திருந்தது. அவர் எண்ணை எழுதிவிட்டுப் பேசாமல் வெளியே போனார்.

கையைக் கட்டிக்கொண்டு வீடெல்லாம் நடந்து பார்த்த அன்று மின்சாரம் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கிணறு எங்கள் பட்டியலில் வரவேயில்லை. நாளாந்தம் மின்வெட்டு நேரத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டுக்கொண்டிருந்த காலத்தில், பத்திரிகைக்காரனான எனக்கு அது தோன்றவில்லை. அன்றே பெரிய பிளாஸ்டிக் பீப்பா ஒன்று வாங்கி நிரப்பிவைத்தோம். நல்லவேளை, காய்ச்சல் வரவில்லை. குழாய் மேலும் ஐந்து நாட்கள் இருந்தது.

கணுக்களை அகற்றிய பக்கத்துக் கையை வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டும். நிணநீர் வடியும் பாதை குறைந்துவிட்டதால், வீக்கம் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக்கூட வரலாம். அந்தக் கையில் ஊசி போடுவதையும் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் தவிர்க்கச் சொல்வார்கள். அண்மைக் கால ஆய்வுகள் இதில் முன்னைய கண்டிப்பைக் காட்டவில்லை, ஆயினும் மற்றக் கை இருக்கும்போது அதையே கொடுப்பதில் நட்டமில்லை. வெட்டும் கீறலும் சூடும் படாமல் பார்ப்பதுதான் முக்கியம். மேற்கையின் உட்புறம் பலருக்கு மரத்துப்போவதால் சுட்டாலும் தெரியாது. தங்கை இப்போது தைக்கும்போது விரல் நுனிக்கு உலோக உறை போடுகிறாள். தோட்டத்தில் கையுறை. முதலில் கேலி செய்தவர்கள் அயலில் உண்டு.

நீக்கப்பட்ட மார்புக்குப் பதிலாகப் பஞ்சு அடைத்துத் தானே ஒன்று தைத்தாள். பாரமில்லாமல் அது மேலே ஏறிவிடுகிறது என்று, உள்ளே ஒரு சிறு பையில் பயறு வைத்துத் தைத்தாள். அதன் பின் சரியாக இருக்கிறதாம். இதை அவள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள், வெங்காய விலையைச் சொல்வது போல. எட்டு மாதங்கள் சொல்லின்றி இருந்தவள்.

காயம் ஆறிய பின் வேறு சிகிச்சைகள் தொடர்ந்தன. அவற்றின் சிரமங்கள் வேறு. மாத்திரை இன்னும் தொடர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்.

சென்ற முறை போயிருந்தபோது மச்சானின் அந்தப் பயிற்சிப் புத்தகம் தையல் இயந்திரத்தின் மேல் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். முதல் பக்கங்களில் அவருடைய எண்கள், கடைசியாக 28, 22. அதற்குப் பின் தங்கையின் கையெழுத்து: தோள், இடுப்பு, நீளம், முன் பொத்தான், உள்பை. வலம் அல்லது இடம். யாருடைய பெயரும் இல்லை. பதினொரு பக்கங்கள் இருந்தன.